பல்வரிசையும் அருணை அடிவாரமும்

ரமணாசிரமத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் உடலைப் பற்றிய எந்தக் கேள்வியையும் எளிதாகக் கேட்டுவிட இயலாது. செங்கம் சாலையின் தேநீர்க் கடை வாசலில்கூட 'நான் இந்த உடலா?' என்னும் விசாரம் ஏதேனும் ஒரு மொழியில் காதில் விழும். இப்படிப்பட்ட இடத்தில் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிப்பது வேடிக்கையாகவே தோன்றும். பிள்ளைகளுக்குப் போடவேண்டிய வயதில் தனக்கா என்று வீட்டில் கேட்பார்கள். உதிரப்போகும் உடம்புக்கு இத்தனை அலங்காரமா என்று தெருவில் கேட்பார்கள். இரண்டு கேள்விகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. பல்லைச் சீரமைப்பது அழகு சார்ந்த காரியம், அழகு இளையோருக்கு உரியது, முதிர்ச்சி என்பது அதைக் கடந்துவிடுவது என்பதே அந்த எண்ணம்.

இது எனக்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. என் கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மீது ஒன்று ஏறி நிற்பவை. மேல்வரிசையின் வலப்புறத்தில் ஒரு சிங்கப்பல் வெளியே துருத்தி நிற்கிறது. கீழ்ப்பற்களின் இடுக்கில் துலக்குமுனை நுழைவதில்லை, காரை சேர்கிறது, ஈற்றில் இரத்தம் கசிகிறது என்று பல் மருத்துவர் சொன்னபிறகு, கிளிப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி எனக்கும் உரியதாகிவிட்டது. தமிழ் படித்தவன் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, 'சரியான பல்வரிசை' என்பதை யார், எப்போது, எந்த அளவுகோல் கொண்டு வரையறுத்தார்கள் என்று தேடிப் பார்ப்பது. அப்படித் தேடியதன் தொகுப்பே இக்கட்டுரை.

*

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். சங்கப் பாடல்களில் பல்லுக்கு 'எயிறு' என்றொரு சொல் பெருவழக்காக உண்டு. தலைவியின் புன்னகையைச் சொல்லும்போது முல்லை அரும்பும் முத்தும் உவமையாகின்றன. அடைமொழிகளைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. முள் எயிறு, கூர் எயிறு, வால் எயிறு என்பன திரும்பத் திரும்ப வருபவை. முள்ளைப் போன்ற கூர்மையும் தூய வெண்மையும் அங்கே முன்னே நிற்கின்றன. நிரையாக அமைந்திருப்பது சொல்லப்படாமல் இல்லை. ஆயினும் வெண்மையும் கூர்மையும் பெறும் அழுத்தத்தை அது பெறவில்லை என்றே என் வாசிப்பில் படுகிறது. ஆரோக்கியமான, இளமையான, தேயாத பல்லே அழகிய பல். அதே 'எயிறு' காட்டுப்பன்றிக்கும் பாம்புக்கும் உரிய சொல்லாகவும் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஒரே சொல் காதலியின் வாயிலும் விலங்கின் வாயிலும் அச்சமின்றிப் புழங்கியது.

வரிசையை இலக்கணமாக்கிய மரபு ஒன்றும் இந்தியாவில் இருந்தது. பௌத்த நூல்கள் மகாபுருடனுக்கு முப்பத்திரண்டு இலக்கணங்கள் கூறுகின்றன. அவற்றுள் பல்லுக்கு உரியவை மட்டும் நான்கு: நாற்பது பற்கள் இருத்தல், அவை சமமாக இருத்தல், இடைவெளியின்றி இருத்தல், கோரைப்பற்கள் மிக வெண்மையாக இருத்தல். மனிதருக்கு வாய்ப்பதோ அதிகபட்சம் 32 பற்கள். ஆகவே சமமான, இடைவெளியற்ற வரிசை என்ற இலட்சியம், மனிதருக்கு எட்டாத ஒரு வாயை வைத்தே முதலில் வரையப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரே நிற்பவர் காரைக்காலம்மையார். வணிகர் குடும்பத்தின் அழகிய பெண்ணான புனிதவதி, கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகியபின், உடலின் வனப்பைக் கழித்துவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்த வரலாறு. திருவாலங்காட்டுப் பதிகத்தில் அம்மையாரே காட்டும் பெண்பேயின் உருவில் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு ஆகியவற்றோடு நீண்டு வெளிப்பட்ட இரண்டு பற்களும் இடம்பெறுகின்றன. தமிழில் துருத்திய பல்லுக்கு இவ்வளவு கம்பீரமான இடத்தை வேறு எவரும் கொடுத்ததில்லை. கோயில் வாயில்களில் நிற்கும் துவாரபாலகர்களின் வாயோரத்திலும் காளியின் வாயோரத்திலும் நீளும் கோரைப்பற்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. வரிசை தவறிய பல் இங்கே குறையன்று. மானுட அளவைக் கடந்ததன் அடையாளம் அது.

இலக்கணத்தில் பல்லுக்கு மூன்றாவது ஓர் இடம் உண்டு. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்து பிறக்கும் எட்டு இடங்களில் பல்லையும் எண்ணுகிறார். தகர நகரங்கள் நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பரந்து ஒற்றுவதால் பிறக்கின்றன. வகாரம் மேற்பல் இதழோடு இயைவதால் பிறக்கிறது. பல்லின் நிறமோ வரிசையோ அங்கே பேச்சில்லை, அதன் தொழில் மட்டுமே பேச்சு. 'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்ற பழமொழி இதே உண்மையின் எளிய வடிவம். 'ஆலும் வேலும்' என்று தொடங்கும் பழமொழியும் பல்லின் உறுதியைத்தான் சொல்கிறது. ஆக, நம் மரபில் அழகு, தெய்விகம், தொழில் என மூன்று அளவுகோல்கள் இருந்திருக்கின்றன. வளைந்த பல்லைத் திருத்தவேண்டிய குற்றமாக இவை மூன்றுமே கருதவில்லை.

*

திருத்தவேண்டும் என்ற எண்ணத்தின் எழுத்துச் சான்று பழைய ரோமாபுரியில் கிடைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்பவர், பால்பல் விழாமலே புதிய பல் முளைத்தால் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதியதைத் தினமும் விரலால் உரிய இடத்துக்குத் தள்ளவேண்டும் என்று எழுதினார். கருவி என்று சொல்லத்தக்கது 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபொஷாரின் நூலில் வருகிறது. குதிரை இலாடம் போல் வளைந்த, துளையிட்ட உலோகப் பட்டை அது. அதனோடு பற்களை நூலால் கட்டி இழுத்தார்கள்.

இதைத் தனித்துறையாக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் (1855–1930). மேல்தாடைக் கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லும் சந்திக்கும் விதத்தை வைத்து 1899-இல் அவர் வகுத்த மூன்று பிரிவுகள் இன்றும் பல் மருத்துவ மாணவர்களின் முதற்பாடம். 1900-இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கென்றே பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று இங்கே உண்டு. அழகிய முகத்தின் உரைகல்லாக ஆங்கிள் தொடக்கத்தில் கொண்டது அப்போலோ பெல்வெடேர் என்னும் பழஞ்சிலையின் முகத்தை. எட்மண்ட் வூர்ப்பெல் என்ற ஓவிய ஆசிரியரிடம் அவர் ஆலோசனை கேட்டபோது, எல்லா முகங்களுக்கும் பொதுவான ஒற்றை அழகு கிடையாது, ஒவ்வொரு முகத்துக்கும் அதனதன் இசைவு உண்டு என்று அவர் எடுத்துரைத்தார். ஆங்கிள் அதை ஏற்றார். ஏற்றபின் வேறொரு விதியை நிறுவினார். பல் எதையும் பிடுங்காமல் முழு எண்ணிக்கையையும் சரியான கடிப்பில் நிறுத்தினால் முகத்தின் இசைவு தானே வந்துவிடும் என்றார்.

அந்த விதியும் நிலைக்கவில்லை. அவருடைய மாணவரான சார்லஸ் ட்வீட், ஆசானின் முறைப்படி தாம் சீரமைத்த பற்கள் பல பேருக்கு மீண்டும் பிறழ்ந்ததைக் கண்டார். நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்கி, அவர்களுக்கு மறுபடியும் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவில் ஆங்கிளின் இன்னொரு மாணவரான ரேமண்ட் பெக், அந்நாட்டுப் பழங்குடியினரின் பற்களை ஆராய்ந்தார். கடினமான உணவால் பற்கள் பக்கவாட்டிலும் தேய்ந்து, நெருக்கமின்றி அமைந்திருந்ததைக் கண்டு, அந்தத் தேய்மானம் இல்லாத நவீன வாயில் பல்லைப் பிடுங்குவதே இயற்கைக்கு ஈடு என்று வாதிட்டார். ஒரு தலைமுறைக்குள் 'பிடுங்காதே' என்பது 'பிடுங்கு' என்று மாறியது. பின்னர் ஊசல் மறுபுறமும் ஆடியது. வல்லுநர்களின் அறியாமை என்று இதைச் சொல்ல மாட்டேன். அளவுகோல் மாறிக்கொண்டே இருந்தது என்பதே இதில் நாம் பெறவேண்டிய செய்தி.

பெக் சுட்டிய உணவுக் காரணத்துக்கு இந்தியச் சான்றும் உண்டு. ராபர்ட் கொருச்சினி என்ற மானுடவியலாளர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து வட இந்தியாவின் கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டு 1983-இல் வெளியிட்ட ஆய்வில், மென்மையான உணவுண்ணும் நகரத்தாரிடம் பல் பிறழ்ச்சி மிகுதியாக இருந்தது. மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் தாடை வளரும் வயதில் நன்றாக மெல்லாத தாடைக்குப் பற்கள் அனைத்தையும் தாங்க இடம் போதுவதில்லை என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. கம்பையும் கேழ்வரகையும் கரும்பையும் கடித்த தலைமுறைக்குப் பிறகு வந்த நாம், இந்த நெருக்கடியை வாயில் சுமக்கிறோம் எனலாம்.

*

இந்தியாவில் பல் மருத்துவக் கல்வி மிக இளமையானது. ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் தொடங்கிய கல்லூரியே நாட்டின் முதலாவது. பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953-இல் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சியே. பல் சீரமைப்பு வல்லுநர்களுக்கான இந்தியச் சங்கம் 1965-இல் அமைந்தது. சிதம்பரத்தில் இராசா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-இல் எழுந்தது. இந்த ஆண்டுகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களின் பிள்ளைப் பருவத்தில் இது மாநகர வசதி. சிறு நகரங்களில் பல் மருத்துவர் என்றால் பிடுங்குபவர், இல்லையேல் பல்செட் கட்டுபவர். உரிய வயதில் ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. உரிய வயதில் அது எங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

அந்த இடைவெளியில் பள்ளிக்கூடங்கள் 'பல்லன்' என்று பட்டப்பெயர் சூட்டின. பெண் பார்க்கும் படலங்களில் 'பல் கொஞ்சம் எடுப்பு' என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள். வாயை மூடிச் சிரிக்கப் பழகிய பெண்களின் எண்ணிக்கையை எந்தக் கணக்கெடுப்பும் பதிவு செய்யப்போவதில்லை. வளர்ந்தபின், கையில் சொந்தச் சம்பளம் வந்தபின், முதல் காரியமாகப் பல் மருத்துவரிடம் செல்பவரை வீண் அலங்காரப் பிரியர் என்று எள்ளுவதற்கு முன் இதை எண்ணிப்பார்க்கவேண்டும்.

வளர்ந்தவர்களை நோக்கி இத்துறையைத் திருப்பியவரும் இதே அனுபவத்தைக் கடந்தவர்தான். பாகிஸ்தானிய மரபில் வந்த சியா சிஷ்டி வளர்ந்த பருவத்தில் கிளிப் போட்டுக்கொண்டவர். கம்பியைக் கழற்றியபின் பற்களை நிலைநிறுத்த இரவில் அணியும் ரிடெய்னரைச் சில நாள் விட்டுவிட்டால் பல் நகர்வதும், மீண்டும் அணிந்தால் பழைய இடத்துக்குத் திரும்புவதும் அவர் கவனத்தில் பட்டது. நகர்ந்த பல்லை ஓர் உறை திருப்பிக் கொண்டுவரும் என்றால், சிறிது சிறிதாக மாறும் உறைகளின் வரிசையால் பல்லை விரும்பிய இடத்துக்கே கொண்டுபோகலாமே என்று எண்ணினார். இந்த எண்ணம் முற்றிலும் புதியதன்று. 1945-இலேயே ஹரால்ட் கெஸ்லிங் இதன் முன்வடிவத்தைச் சொல்லியிருக்கிறார். கணினியின் துணையோடு அதைத் தொழிலாக்கியது 1997-இல் சிஷ்டியும் கெல்சி வர்த்தும் தொடங்கிய அலைன் நிறுவனம். இன்விசலைன் என்ற ஒளிபுகும் உறை பிறந்த கதை இது. கம்பி தெரியக்கூடாது என்ற வளர்ந்தவர்களின் கூச்சமே அதன் சந்தை. அவர்கள் காப்புரிமைகளில் பல 2017-இல் காலாவதியான பிறகு அலைனர்கள் பலரும் செய்யும் பொருளாயின. மருத்துவரை நேரில் காணாமல் அஞ்சலில் உறை அனுப்பும் நிறுவனங்களும் முளைத்தன. அவற்றுள் பெரிதான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சை பாதியில் நின்றவர்கள் வேறு மருத்துவரைத் தேடவேண்டியதாயிற்று.

*

வயது இதில் எங்கே குறுக்கிடுகிறது என்பதை அறியாமல் முடிவெடுக்க முடியாது. பல் எலும்பில் ஆணி போல் அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. ஒரு புறம் இடைவிடாது மெல்ல அழுத்தினால், அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்கின்றன; எதிர்ப்பக்கத்தில் எலும்பை ஆக்கும் செல்கள் இடத்தை நிரப்புகின்றன. ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் பல் நகர்கிறது. இந்த ஆற்றல் எழுபது வயதிலும் அழிவதில்லை. வயதால் மட்டும் ஒருவர் தகுதி இழப்பதில்லை என்பது இதனால் தெளிவு.

வேறுபாடு பிற இடங்களில் இருக்கிறது. சிறுவர்களின் தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் அந்த வளர்ச்சியையே திசை திருப்பலாம். வளர்ந்தவர்களுக்குத் தாடை எலும்பிலேயே பொருத்தமின்மை இருந்தால் அறுவை சிகிச்சை இன்றி அதை மாற்ற இயலாது. பல்லை மட்டுமே நகர்த்தலாம். ஈறு நோய் ஆறாத நிலையில் பல்லை நகர்த்தினால் தாங்கும் எலும்பு மேலும் கரையும். வேரின் நுனி சற்றுக் குறுகுவதும் உண்டு. சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். முடிந்தபின்னும் முடிவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் லிட்டிலும் அவர் குழுவினரும் சிகிச்சை முடிந்தவர்களைப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பெரும்பாலோரின் கீழ் முன்பற்கள் மீண்டும் நெருங்கியிருந்தன. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ்ப்பற்கள் நெருங்குகின்றன. ஆகவே நேராக நிற்கவேண்டும் என்றால் இரவு ரிடெய்னர் ஏறக்குறைய வாழ்நாள் துணை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பல்லை நேராக்கினால் சொத்தையும் ஈறு நோயும் அண்டாது என்பதற்கு வலுவான சான்று இல்லை. நன்றாகத் துலக்குபவரின் கோணற்பல் நன்றாகவே இருக்கும். துலக்காதவரின் நேர்ப்பல் கெடும். கம்பி வாயில் இருக்கும் காலத்தில் துலக்குவது மேலும் கடினம்.

*

இப்போது இந்த ஊரின் கேள்விக்கு வரலாம். 'நான் உடல் அல்ல' என்றவரின் அடிவாரத்தில் பல்லைப் பற்றிக் கவலைப்படலாமா?

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் இங்கு வந்து சேர்ந்தார். பாதாளலிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்ததையும் உணராது அவர் அமர்ந்திருந்த கதை யாவரும் அறிந்தது. உடலைப் புறக்கணித்தவர் என்ற சித்திரத்தை அந்தக் கதையே நம் மனத்தில் பதித்துவிட்டது. அவருடைய கடைசி ஆண்டுகளின் வரலாறு அதைவிடச் சிக்கலானது. இடது முழங்கைக்கு அருகே தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரியில் அகற்றப்பட்டது. மீண்டும் வளர்ந்தது, மார்ச்சில் மறுபடியும் அறுவை. அது சார்கோமா என்னும் புற்று. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு அறுவைகள். ரேடியம் சிகிச்சையும் நாட்டு மருந்தும் ஹோமியோபதியும் நடந்தன. அடியவர்கள் எதைக் கொண்டுவந்தாலும் அவர் பெரும்பாலும் தடுக்கவில்லை. ஆனால் கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது மறுத்துவிட்டார். உடலே ஒரு நோய், அது தன் முடிவை இயல்பாக அடையட்டும் என்பது அவர் விடையின் சாரம். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார்.

உயிர்கொல்லும் புற்றையும் கோணற்பல்லையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. கிளிப்பைப் பற்றி ரமணர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பதும் வீண். என்னைக் கவர்வது அந்த ஓராண்டின் நடைமுறை. உடலைத் தாமாகக் கருதாத ஒருவர் மருத்துவரை விரட்டவில்லை. மருத்துவர் சொன்ன அனைத்துக்கும் இசையவும் இல்லை. ஒவ்வொரு சிகிச்சையும் தனித்தனியே வந்து நின்றது. சிலவற்றுக்கு இசைவு, ஒன்றுக்கு மறுப்பு. உடலைப் போற்றுவதா துறப்பதா என்ற பெருங்கேள்வியை வைத்து இந்தச் சிறு முடிவுகள் எடுக்கப்படவில்லை. அம்மையாரும் அழகை வெறுத்துப் பேயுருப் பெறவில்லை. அந்த உருவால் ஆகவேண்டிய காரியம் ஒன்று அவருக்கு இருந்தது. நம்மிடையே 'இந்த வயதில் எதற்கு?' என்று அடக்குபவர்களும் சரி, 'எல்லோரும் போடுகிறார்கள்' என்று உந்துபவர்களும் சரி, அந்த ஒன்றைத்தான் கேட்கத் தவறுகிறார்கள். இந்தச் சிகிச்சை இந்த வாய்க்கு எதைத் தருகிறது, அதற்கு ஈடாக எதை எடுத்துக்கொள்கிறது?

இந்தக் கேள்வியோடு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தால் முடிவு எளிதாகிறது. கூச்சத்தால் வாய்மூடி வாழ்பவருக்கு, திறந்த சிரிப்பு என்பது பெரிய வரவு. இரண்டு ஆண்டுகளும் செலவும் அதற்குத் தகும். கடிப்புத் தவறி ஒரு பல் இன்னொன்றைத் தேய்க்கிறவருக்கும் அப்படியே. மணமேடைக்காக மற்றவர் வற்புறுத்திப் போடும் கிளிப் வேறு கணக்கு. ரிடெய்னரை வாழ்நாள் முழுவதும் அணியவேண்டியவர் வற்புறுத்தியவர் அல்லர். யாராயினும் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டே ஆகவேண்டும்: ஈறும் எலும்பும் தாங்குமா, பல்லைப் பிடுங்கவேண்டுமா, முடிந்தபின் எத்தனை காலம் ரிடெய்னர்? இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லாத இடத்தில் அவசரப்படாமல் இன்னொரு வல்லுநரையும் பார்ப்பது நல்லது.

என் கணக்கையும் சொல்லி முடிக்கிறேன். வலப்புறச் சிங்கப்பல் துலக்க எளியது, கடிப்பைக் கெடுக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக வகாரத்தை அதனோடுதான் உச்சரித்து வருகிறேன், வகுப்பில் எவரும் பிழையாகக் கேட்டதில்லை. அது அங்கேயே இருக்கட்டும். கீழ்வரிசை அப்படியன்று, அங்கே துலக்குமுனை நுழைய இடம் வேண்டும். முதலில் காரை நீக்கி ஈற்றை ஆற்றவேண்டும் என்றும், சில மாதம் பார்த்தபின் கீழ்வரிசைக்கு மட்டும் கம்பி போடலாம் என்றும் மருத்துவர் சொல்கிறார். இசைந்திருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிறைவதற்குள் ஈறு ஆறிவிட்டால், தை பிறந்ததும் கம்பி.